நடு விளக்கு எரியாது

தம்பிராஜா: கையை விடு நாசர். நான் என்ன, உன் பேரனா?

நாசர்: அண்ணே, அந்தப் பக்கம் மேசை...

தம்பிராஜா: மேசை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அதை அங்க போட்டதே நான்தானே... ஆ!

நாசர்: அதைத்தான் சொல்ல வந்தேன். நேத்து நகத்தி வச்சேன்.

தம்பிராஜா: அலமாக்... எதுக்குய்யா நகத்துன?

நாசர்: நம்ம பழைய கம்ப்யூட்டர் மெஷினுக்குப் பின்னால போய்ப் பார்க்க இடம் வேணும்ல. முட்டியில பலமா பட்டுருச்சா?

தம்பிராஜா: முட்டி கிடக்கட்டும். பின்னால போய் என்ன பார்த்த?

நாசர்: சும்மா... தூசி தட்டினேன். உக்காருங்க, ஸ்டூல் உங்களுக்குப் பின்னாலதான் இருக்கு. அதை நான் நகத்தல.

தம்பிராஜா: ம்... கீழ கடையில இன்னிக்கிக் கூட்டமா? படியேறும்போதே ஒரே சத்தம்.

நாசர்: எஸ்டேட் ஆளுங்க. சனிக்கிழமைல்ல. ஆமா, அது என்ன காதுல வயரு?

தம்பிராஜா: எது?

நாசர்: ஒரு காதுல மாட்டியிருக்கீங்களே. போன வாரமும் பார்த்தேன். வயசுப் பையன் மாதிரி பாட்டு கேட்டுக்கிட்டே வர்றீங்க!

தம்பிராஜா: கண்ணு தெரியாதவன் பாட்டு கேட்டா உனக்கு என்ன வயித்தெரிச்சல்?

நாசர்: கேளுங்க, கேளுங்க. மெஷின் முன்னால உக்காந்தும் பாட்டான்னுதான்...

தம்பிராஜா: ஒரு காது அதுக்கு. இன்னொரு காது உனக்கு. போதாதா?

நாசர்: போதும் லா.

தம்பிராஜா: நாளைக்கு இந்நேரம் ஆஸ்திரேலியா போற பிளேன்ல இருப்பேன் நாசர்.

நாசர்: தெரியும் அண்ணே.

தம்பிராஜா: சுகந்தினி வீட்டுல எனக்கு ரூம் ரெடியாம். நான் பிடிச்சு நடக்கச் சுவரெல்லாம் கம்பி போட்டு வச்சிருக்காளாம். உன் அண்ணி யோகம் ஒரு மாசமா அதையே சொல்லிக்கிட்டு இருக்கா.

நாசர்: மக வீட்டுக்குத்தானே போறீங்க. நல்லதுதானே.

தம்பிராஜா: நல்லதுதான். பெர்த்ல எல்லாம் இருக்கும். இது இருக்காது.

நாசர்: கண் டாக்டர் கடைசியா என்ன சொன்னாரு?

தம்பிராஜா: என்ன சொல்வாரு... இடது கண்ணு முடிஞ்சது. வலது கண்ணுக்கு ஜன்னல் எந்தப் பக்கம்னு தெரியுது, அவ்வளவுதான். நீ ஒரு நிழல். அதுவும் குண்டு நிழல்.

நாசர்: கடைச் சாப்பாடு அண்ணே.

தம்பிராஜா: இந்த மெஷின்ல விளக்கு ஓடுறதை ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போகணும்னு இருந்தேன். இனிமே பார்க்க முடியாது, சரி. ஓடிச்சுன்னு தெரிஞ்சாப் போதும். அதுக்குத்தான் இன்னிக்கி வந்தேன். யோகம் திட்டித் தீர்த்துட்டா. நாளைக்குப் பயணம், இன்னிக்கி குளுவாங்லேருந்து டாக்ஸி பிடிச்சு ரெங்கம் போகணுமாங்கிறா.

நாசர்: அண்ணி சொல்றதும் நியாயம்தானே.

தம்பிராஜா: நியாயத்தைப் பார்த்தா இந்த இரும்புப் பெட்டியை யாரு தூக்கிட்டு வந்திருப்பா? பெக்கான் நானாஸ்ல அந்தக் கொட்டகையிலேருந்து இதை லாரியில ஏத்துனோமே, ஞாபகம் இருக்கா?

நாசர்: மறக்குமா? கதவைத் திறந்ததும் எலி ஒண்ணு என் மேலயே குதிச்சதே.

தம்பிராஜா: நீ கத்துன கத்துல லாரிக்காரன் ஓடிட்டான்.

நாசர்: நீங்க மட்டும் என்னவாம்? லாரி மேல ஏறி நின்னுக்கிட்டு ‘போயிடுச்சா, போயிடுச்சா’ன்னு கேட்டது யாரு?

தம்பிராஜா: அன்னாசி டின் கம்பெனியில இந்த மெஷின் இருந்த ரூமுக்கு என்ன மரியாதை! மேனேஜர்கூட செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வருவாரு. கடைசியில எலிக்கு வீடாப் போச்சு.

நாசர்: நான் அந்த வேலைக்குச் சேர்ந்ததே ஏர்கோனுக்குத்தான் அண்ணே. வெளிய அன்னாசி வாடை, கொதிக்கிற ஆவி. உள்ள வந்தா ஜில்லுன்னு.

தம்பிராஜா: அதான் நான் ரிப்பேர் பண்ணும்போதெல்லாம் நீ தூங்குவியே.

நாசர்: ஒரு தடவை தூங்கினேன். அதை இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்வீங்க?

தம்பிராஜா: ...போன சனிக்கிழமையே முடிஞ்சிருக்கணும். கரண்ட் மட்டும் போகாம இருந்திருந்தா.

நாசர்: ஆ... ஆமா.

தம்பிராஜா: நீ சுவிட்சைப் போட்ட. உடனே போச்சு.

நாசர்: கடை வயரிங் பழசு அண்ணே. கீழ ஃபிரிட்ஜும் மேல மெஷினும் ஒண்ணா இழுத்தா தாங்காது.

தம்பிராஜா: அப்புறம் தீஞ்ச வாடை ஒண்ணு.

நாசர்: அதான் அன்னிக்கே சொன்னேனே. ஜொஹரா கீழ சம்பாலைத் தீய விட்டுட்டா.

தம்பிராஜா: ஜொஹராவா? இத்தனை வருஷத்துல அவ கை ஒரு தடவை தப்புனதா நான் கேள்விப்பட்டதில்ல.

நாசர்: போன்ல பேசிக்கிட்டே விட்டுட்டா.

தம்பிராஜா: ம்... மெமரி போர்டு நான் போட்டபடியே இருக்கா?

நாசர்: அப்படியே இருக்கு. தொடவே இல்ல.

தம்பிராஜா: ‘நான் போடுறேன் அண்ணே’ன்னு நீ கேட்டுக்கிட்டேதான் இருந்த. நான்தான் விடல.

நாசர்: நீங்க போடணும்னு ஆசைப்பட்டீங்க. அதுல என்ன.

தம்பிராஜா: விரலை வச்சு எண்ணிக்கிட்டே வந்தா எந்த ஸ்லாட்னு தெரிஞ்சிடும்னு சொன்னேன். தொட்டுப் பார்த்தா எல்லா ஸ்லாட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா பக்கத்து ஸ்லாட்டுக்கு வர்ற வோல்டேஜ் வேற. மாத்திச் சொருகினா போர்டு போயிடும்.

நாசர்: நீங்க மாத்திச் சொருகுவீங்களா அண்ணே?

தம்பிராஜா: நீ சொல்லு. நீதானே பக்கத்துல நின்ன.

நாசர்: சரியாத்தான் இருக்கு. நான் பார்த்தேன்.

தம்பிராஜா: பார்த்தியா?

நாசர்: பார்த்தேன் அண்ணே.

தம்பிராஜா: சரி. அப்போ ரேடியோவை எடுத்து மெஷின் மேல வை.

நாசர்: ரேடியோ... இப்ப எதுக்கு?

தம்பிராஜா: எதுக்கா? விசர்க் கதை பேசாத. கம்பெனியில நம்ம ரூம்ல ரேடியோ எதுக்கு வச்சிருந்தோம்? பாட்டுக்கா?

நாசர்: பாட்டுக்குன்னுதான் மேனேஜர் நினைச்சாரு.

தம்பிராஜா: ஸ்டேஷன் இல்லாத இடத்துல முள்ளைத் திருப்பி மெஷின்கிட்ட வச்சா, உள்ள ஓடுறது எல்லாம் அதுல கேக்கும். சம்பளக் கணக்கு ஓடினா தவளை கத்துற மாதிரி. ஸ்டோர் கணக்குக்குச் சீட்டி மாதிரி. மெஷின் நின்னு போச்சுன்னா வெறும் இரைச்சல். நான் வெளிய டீ குடிச்சிக்கிட்டு இருந்தாலும் அந்த இரைச்சல் கேட்டதும் ஓடி வருவேன்.

நாசர்: கப்பை வழியிலயே போட்டுட்டு வருவீங்க. கேண்டீன்காரரு என்னைத்தான் திட்டுவாரு.

தம்பிராஜா: கண்ணு போனப்புறம் எனக்கு அது ஒண்ணுதான்யா மிச்சம். எடு.

நாசர்: அது... பேட்டரி ஊத்திடுச்சு அண்ணே. உள்ள பச்சை பச்சையா பிடிச்சுப் போய்... தூக்கிப் போட்டாச்சு.

தம்பிராஜா: தூக்கிப் போட்டியா? நீயா? தேஞ்சு போன ஸ்க்ரூவைக்கூட பிஸ்கட் டின்ல போட்டு வைக்கிற ஆளு...

நாசர்: நான் இல்ல. ஜொஹரா போட்டுட்டா.

தம்பிராஜா: எல்லாத்துக்கும் பாவம் ஜொஹராதான்.

ஜொஹரா: அங்க என்ன, என் தலை உருளுது? இந்தாங்கண்ணே, தே ஓ கோசோங். வெறும் டீதான், பாலும் சீனியும் போடல. மெதுவா... சூடு.

தம்பிராஜா: வா தங்கச்சி. போன சனிக்கிழமை சம்பாலைத் தீய விட்டுட்டியாமே?

ஜொஹரா: நானா? சம்பாலா? எவன் சொன்...

நாசர்: அதான் ஜொஹரா. போன்ல பேசிக்கிட்டு இருந்தியே. வாடை மேல வரைக்கும் வந்துச்சே.

ஜொஹரா: ...ஆ. ஆமாண்ணே. தீஞ்சிருச்சு.

தம்பிராஜா: போகட்டும் விடு. சம்பால்தானே.

நாசர்: உங்க போன் அடிக்குது அண்ணே.

தம்பிராஜா: யோகமாத்தான் இருக்கும். எந்தப் பெட்டியில என்ன வச்சோம்னு மறந்திருப்பா. இரு, வெளி வராந்தாவுல நின்னு பேசிட்டு வரேன்.

நாசர்: காதுலதான் மாட்டியிருக்கீங்களே, அதுலயே பேசலாமே?

தம்பிராஜா: அது... அதெல்லாம் எனக்குச் சரிப்படாது. நீ வராத. சுவத்தைப் பிடிச்சே போயிடுவேன். நான் திரும்பி வர்றதுக்குள்ள மறுபடியும் மேசையை நகத்தாம இருந்தாப் போதும்.

ஜொஹரா: ...போயிட்டாரா?

நாசர்: ம். மெதுவா பேசு.

ஜொஹரா: ஏங்க, என் சம்பால் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?

நாசர்: அன்னிக்கு வாயில அதுதான் வந்துச்சு. சுவிட்சைப் போட்டேன், டப்புன்னு ஒரு சத்தம். பின்னால பார்த்தா போர்டுலேருந்து புகை. பிளக்கைப் புடுங்கிட்டுக் கரண்ட் போச்சுன்னேன். ‘என்ன வாடை’ன்னு கேட்டாரு. உன்னைச் சொல்லிட்டேன்.

ஜொஹரா: அவர் கையால போட்ட போர்டா?

நாசர்: ஒரு ஸ்லாட் தள்ளிப் போட்டுட்டாரு. ஒரே ஒரு ஸ்லாட். நான் பக்கத்துலதான் நின்னேன் ஜொஹரா. அவர் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம் அந்த மூஞ்சில... ஸ்லாட்டைப் பார்க்கவே இல்ல நான்.

ஜொஹரா: வேற போர்டு வாங்க முடியாதா?

நாசர்: சிங்கப்பூர்ல ஒருத்தர், பினாங்குல ஒருத்தர், இன்னும் எங்கெங்கயோ... பழைய மெஷின் சேர்க்கிற ஆளுங்க எல்லாரையும் கேட்டுட்டேன். அந்தக் காலத்து மெமரி அது. பாசிமணி கோக்கிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாத வளையத்தையெல்லாம் கம்பியில கையாலயே கோத்து வச்சது. வச்சிருக்கிறவன் தர மாட்டேங்கிறான். இல்லாதவன் என்கிட்ட கேக்குறான்.

ஜொஹரா: அப்போ சொல்லிடுங்க. அவர் தங்கமான மனுஷன். கோவிச்சுக்க மாட்டாரு.

நாசர்: கோவிச்சுக்கிட்டாப் பரவால்லையே! கண்ணு போனாலும் கை இருக்குன்னுதானே வாரா வாரம் இங்க வந்தாரு. இப்போ உங்க கையும் போச்சுண்ணேன்னு நான் சொல்லவா? நாளைக்கு ஊரை விட்டே போற மனுஷன்கிட்ட?

ஜொஹரா: அதுக்காக... ஓடாததை ஓடுதுன்னு சொல்லப் போறீங்களா?

நாசர்: காத்தாடி ஓடும். அந்தச் சத்தம் கேக்கும். சுவிட்செல்லாம் டக்கு டக்குன்னு விழும். விளக்கை நான் வாயால சொல்லிக்கிறேன்.

ஜொஹரா: ரேடியோ?

நாசர்: கீழ அரிசி டிரம்முல இருக்கு. நீ பாட்டுக்கு எடுத்து வெளிய வச்சிராத.

ஜொஹரா: யா அல்லா... அரிசி டிரம்முலயா?

நாசர்: நீயும் இங்கயே இரு. நான் தடுமாறினா நீ ஏதாவது பேசு.

ஜொஹரா: எனக்குப் பொய் வராதுங்க.

நாசர்: எனக்கு மட்டும் வருதா என்ன... ஷ்ஷ், வர்றாரு.

தம்பிராஜா: என்ன, புருஷனும் பொண்டாட்டியும் ஒரே குசுகுசு?

ஜொஹரா: கடைக் கதைண்ணே. அண்ணி என்ன சொன்னாங்க?

தம்பிராஜா: என் கம்பளிச் சட்டையைக் காணோமாம். பெர்த்ல குளிருமாம். பிறந்ததுலேருந்து ஜொகூர் வெயில்ல காஞ்சவனுக்குக் கம்பளிச் சட்டை... சரி நாசர், போடு.

நாசர்: போடட்டுமா?

தம்பிராஜா: போடுய்யா. டாக்ஸிக்காரன் அஞ்சு மணிக்கு வந்துடுவான்.

நாசர்: பிஸ்மில்லா...

ஜொஹரா: காத்து வருதுண்ணே! மெஷின்லேருந்து காத்து வருது.

தம்பிராஜா: கேக்குது தங்கச்சி. அது காத்தாடி. பெட்டி சூடாகாம இருக்க.

நாசர்: எல்லாம் நல்லா இருக்கு அண்ணே. முன்னால விளக்கு வந்துடுச்சு. சிவப்பா... நல்ல சிவப்பு.

தம்பிராஜா: எனக்குச் சிவப்பு ஒண்ணும் தெரியலையே. இவ்வளவு கிட்ட வந்தும்...

நாசர்: ஜன்னல் திறந்திருக்குல்ல. பகல் வெளிச்சத்துல எனக்கே மங்கலாத்தான் இருக்கு.

தம்பிராஜா: ம். நம்ம பழைய விளக்கையே ஓட்டலாமா? தீபாவளி விளக்கு.

ஜொஹரா: அது என்னண்ணே தீபாவளி விளக்கு?

தம்பிராஜா: ஒரு தீபாவளிக்குக் கம்பெனியில எனக்கு லீவு இல்ல. இந்த மெஷினைப் பார்த்துக்க ஆள் வேணும்னாங்க. உன் புருஷனுக்கு அன்னிக்கு வேலையே இல்ல. துணைக்குன்னு வந்து உக்காந்துட்டான். சட்டி நிறைய பிரியாணியும் கொண்டு வந்தான்.

நாசர்: அண்ணன் அன்னிக்கு மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவாரு. எல்லாத்தையும் நானே சாப்பிட்டேன்.

தம்பிராஜா: சாப்பிட்டுத் தூங்குனான். அந்த ரூமுக்குள்ள நெருப்புப் பத்த வைக்கக் கூடாது. அதனால மெஷின்லயே ஒரு விளக்கு ஏத்துனேன். ஒரு சின்ன புரோகிராம், இந்த முன்பக்கத்துச் சுவிட்சுலயே போட்டுடலாம். ஒரு விளக்கு வலது ஓரத்துலேருந்து இடது ஓரம் வரைக்கும் நடந்து போகும். திரும்ப வலதுலேருந்து வரும். அவ்வளவுதான்.

நாசர்: நடுவுல ஒரு பல்பு மட்டும் எரியாது.

தம்பிராஜா: ஆமா... நடு விளக்கு எரியாது. அங்க வந்ததும் காணாமப் போயிடும். போயிடுச்சோன்னு பார்த்தா அடுத்த பல்புல நிக்கும். ‘பார்த்தியா, பயமுறுத்துது’ன்னு இவன் சிரிப்பான்.

நாசர்: போடுங்க அண்ணே. விரல் மறந்துடலையே?

தம்பிராஜா: நீ வாயை மூடு, நான் போட்டுடுவேன்... இது மேல... இது கீழ... இந்த ரெண்டும் மேல... ம்... இது...

ஜொஹரா: எவ்வளவு வேகமா போடுறாரு!

தம்பிராஜா: ...முடிஞ்சுது. நாசர், எங்க நிக்கிற? ஸ்டார்ட் சுவிட்சை நீ போடு.

நாசர்: இல்ல அண்ணே. நீங்கதான்.

தம்பிராஜா: சரி... போட்டாச்சு. நாசர்?

நாசர்: ஓடுது அண்ணே.

தம்பிராஜா: ஓடுதா?

நாசர்: ஓடுது. வலது ஓரத்துலேருந்து கிளம்பிடுச்சு. மெதுவா... ஒண்ணு ஒண்ணா... நடந்து போகுது. அப்போ எப்படிப் போச்சோ அப்படியே.

தம்பிராஜா: நடு விளக்கு?

நாசர்: அங்கதான் வருது. இப்ப வந்துச்சு... காணோம்... ஆ, வந்துடுச்சு! தாண்டி வந்துடுச்சு அண்ணே. நடு பல்பு இன்னமும் எரியலை. நான் மாத்தலை, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

தம்பிராஜா: நல்ல வேலை பண்ண. ஜொஹரா, நீயும் பார்க்கிறியா?

ஜொஹரா: பார்க்கிறேண்ணே... அழகா இருக்கு. சின்ன விளக்கு. அது பாட்டுக்குப் போகுது.

தம்பிராஜா: ஏன் தங்கச்சி, குரல் ஒரு மாதிரி இருக்கு?

ஜொஹரா: ஒண்ணுமில்லண்ணே. வெங்காயம் நறுக்கிட்டு வந்தேன்...

நாசர்: இப்போ இடது ஓரத்துக்குப் போயிடுச்சு அண்ணே. திரும்பவும் வலதுலேருந்து வருது. நிக்கவே இல்ல. இத்தனை வருஷம் எலிக்கு நடுவுல கிடந்த மெஷின்னு சொன்னா எவன் நம்புவான்?

தம்பிராஜா: நாசர்.

நாசர்: சொல்லுங்க அண்ணே.

தம்பிராஜா: அந்த போர்டை என் கை சரியாத்தான் போட்டிருக்கு, இல்லையா?

நாசர்: உங்க கைக்கு என்ன அண்ணே... இல்லன்னா இது ஓடுமா?

தம்பிராஜா: அதானே. இல்லன்னா ஓடாது.

நாசர்: அண்ணே... ஏன் அழுறீங்க? ஓடிருச்சுல்ல? இதுக்குத்தானே வந்தீங்க?

தம்பிராஜா: இந்த வயரைக் கொஞ்சம் பிடி. உன் காதுல வச்சுப் பாரு.

நாசர்: எதுக்கு அண்ணே...

தம்பிராஜா: வை. என்ன கேக்குது?

நாசர்: ஒண்ணும்... ஒண்ணும் கேக்கலையே. ஸ்ஸ்ஸ்னு வெறும் இரைச்சல். பாட்டு நின்னுடுச்சு போல...

தம்பிராஜா: பாட்டு எப்பவும் இல்ல நாசர். இந்த வயரு போன்ல மாட்டினது இல்ல, சட்டைப் பையில இருக்கிற என் சின்ன ரேடியோவுல. போன சனிக்கிழமையும் இதுதான் காதுல இருந்துச்சு... டப்புன்னு ஒண்ணு கேட்டுச்சு, அப்புறம் இந்த இரைச்சல். வாடை வந்ததுமே என் கை என்ன பண்ணிடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஜொஹராவை ஏன்யா இழுத்த, பாவம்... நீ எங்கயாவது அலைஞ்சு வேற போர்டு கொண்டாந்திருப்பியோன்னு ஒரு நப்பாசை. அதான் இன்னிக்கி வந்தேன். சரி, விடு... நீ அழாத. வயரை எடுத்துட்டு, முன்ன மாதிரியே சொல்லிக்கிட்டு வா. டாக்ஸி வர்ற வரைக்கும் சொல்லு... இப்போ எங்க வந்திருக்கு, நடு விளக்கைத் தாண்டிடுச்சா?